பச்சையெல்லாம் காடாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காடுகளைக் கண்காணிப்பது பற்றிக் கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். இந்த மலைகளில் மர அளவெடுப்புக் குழுக்களோடு பல ஆண்டுகள் நடந்தவன் என்பதால், நான் கண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிப் புல்மேடாக இருந்த இடங்களில் இப்போது கிராண்டிஸும் (ஒரு வகை யூகலிப்டஸ்) வாட்டிலும் (அயல்நாட்டு அகேசியா) அடர்ந்து நிற்கின்றன. ஊற்றுகள் வற்றிவருகின்றன. ஆனால், செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்லும்போது இங்கே பசுமை கூடியிருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது, ஐயா?
– விவசாயி, வட்டவடை, இடுக்கி மாவட்டம்

பதில்: நீங்கள் கண்டதும் அவர்கள் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ‘காடு’ என்ற ஒரே சொல்லை இருவரும் வேறு வேறு பொருளில் சொல்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை வனநிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மேலிருந்து பார்க்கும்போது மரத் தழைகள் நிலத்தில் 10 விழுக்காட்டையாவது மூடியிருந்தால் அதை அந்த அறிக்கை வனப் போர்வை என்று எண்ணும். அது என்ன மரம், தானே முளைத்ததா நட்டு வளர்த்ததா, நிலம் அரசுடையதா தனியாருடையதா என்பவை அந்த வரையறைக்குள் வருவதில்லை. 70 விழுக்காடும் அதற்கு மேலும் மூடியிருந்தால் மிக அடர்ந்தது, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 10 முதல் 40 வரை திறந்த காடு என்று மட்டுமே தரம் பிரிப்பார்கள்.

கேரளத்தின் கணக்கைப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்டுள்ள நிலம் 11 ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். 2021ஆம் ஆண்டு அறிக்கையிலோ மாநிலத்தின் வனப் போர்வை 21,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது நிலப்பரப்பில் பாதிக்கும் அதிகம். எஞ்சிய பச்சையில் பெரும்பகுதி ரப்பர், தென்னை, காப்பி, ஏலத்தோட்டத்து நிழல் மரங்கள், வீட்டைச் சுற்றிய தோட்டங்களான புரையிடங்கள். இது ஏமாற்று வேலை அன்று. வரையறையை மறைக்காமல் அச்சிட்டே வெளியிடுகிறார்கள். அதைப் படிக்காமல், பச்சை கூடியது என்ற ஒரு வரியை மட்டும் எடுத்து ஊருக்குச் சொல்பவர்கள்தான் தவறு செய்கிறார்கள்.

உங்கள் ஊரின் நிலைமை இன்னும் கூர்மையானது. வட்டவடையும் கொட்டாக்கம்பூரும் இரவிகுளமும் சேர்ந்த அந்த மேட்டு நிலம் சோலையும் புல்வெளியும் கலந்த அமைப்பு. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, முதுகுகளில் புல். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்மேட்டில்தான். அதில் மரம் இல்லை. ஆகவே வனப் போர்வைக் கணக்கில் அதற்கு இடமும் இல்லை. வாட்டில் விதை பரவி மரமாக நிமிர்ந்ததும் அதே நிலம் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீரை வாங்கி மெதுவாக ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு வாழ்விடம் அழிந்தது, ஏட்டில் வரவாகப் பதிவாகிறது. புல்மேட்டை வெற்றுநிலம் போலப் பார்க்கும் எந்தக் கணக்கும் இந்த மலைக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நீலக்குறிஞ்சிக்காகவே 2006இல் உங்கள் ஊரையொட்டிக் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கே காக்கப்பட வேண்டியது மரமில்லாத நிலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் செயற்கைக்கோளால் பயனில்லையா என்று கேட்கலாம். கேள்வியைச் சரியாகக் கேட்டால் அது நன்றாகவே பதில் சொல்லும். கிராண்டிஸ், வாட்டில், சோலை, புல்மேடு ஆகிய ஒவ்வொன்றிலும் பல இடங்களுக்கு நடந்து சென்று, ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறித்து, அங்கே என்ன நிற்கிறது என்று எழுதி வர வேண்டும். அந்த இடங்கள் சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பையும் எப்படித் திருப்பி அனுப்புகின்றன, மாதத்துக்கு மாதம் அது எப்படி மாறுகிறது என்பதைக் கணினி கற்றுக்கொண்டு, பிறகு மலை முழுவதையும் இனம் பிரிக்கும். ஒரு நாள் எடுத்த படத்தில் வாட்டிலும் சோலையும் ஒன்றுபோலவே தெரியலாம். நாற்பது ஆண்டுப் படங்களை அடுக்கினால் அப்படித் தப்ப முடியாது. கிராண்டிஸ் தோட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வெட்டப்பட்டு மீண்டும் துளிர்க்கும். சோலைக்கு அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. லாண்ட்சாட் செயற்கைக்கோள்களின் பழைய படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதால் இந்த ஒப்பீடு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. எந்த மேட்டில் எந்த ஆண்டில் நட்டார்கள் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். படம் சொல்வதைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: இவ்வளவு செயற்கைக்கோள்கள் இருந்தும் சந்தன மரம் திருடுபவர்களைக் கண்டுபிடிக்க முடியாதா?
– மறையூர் வாசகி

பதில்: மரம் காணாமல் போனதையே அவற்றால் பார்க்க முடியாது, அம்மா. வன அளவைக்குப் பயன்படும் இந்தியச் செயற்கைக்கோளான ரிசோர்ஸ்சாட்டின் படத்தில் ஒரு புள்ளியின் பக்கம் 23.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 550 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரே நிறம். நான்கு மீட்டர் அகலத் தழையுள்ள சந்தன மரம் அதில் 12 அல்லது 13 சதுர மீட்டரைத்தான் மூடும். இரண்டரை விழுக்காடுகூட இல்லை. பக்கத்து மரத்தின் நிழல் அசைந்தாலே அந்த அளவு மாற்றம் வரும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படத்தில் புள்ளி 10 மீட்டர் என்றாலும், பெரிய மரத்தின் தழைக்குக் கீழே நிற்கும் சிறு மரத்தை அதுவும் காணாது. மரத்துக்கு மரம் எண் எழுதி, இரவில் வாட்சர் நடந்து காப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை. செயற்கைக்கோள் பரப்பைக் காக்க உதவும். தனி மரத்தைக் காப்பது மனிதர்தான்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மர அளவெடுக்கப் போக நினைக்கிறேன். நாங்கள் தரையில் அளப்பது வானத்துப் படத்துக்கு எப்படிப் பயன்படும்? அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்குங்கள்.
– ஆசிரியை, சிற்றூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: மிகவும் மகிழ்ச்சி. செயற்கைக்கோள் அளப்பது ஒளியை, மரத்தை அன்று. ஒரு புள்ளியின் நிறத்திலிருந்து அங்கே எத்தனை டன் மரம் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதே போன்ற நிறமுள்ள சில இடங்களில் யாராவது நாடாவைப் பிடித்து அளந்திருக்க வேண்டும். அந்த அளவு இல்லாவிட்டால் படம் வெறும் நிறம்தான். அளவு மட்டும் இருந்தால், அது பரந்த காட்டில் ஒரு பொட்டு. இரண்டையும் சேர்க்கும்போதுதான் மலை முழுமைக்கும் கணக்குச் சொல்ல முடிகிறது.

நம் நாட்டில் வழக்கமாக 0.1 ஹெக்டேர் சதுரம் ஒன்றை எடுப்பார்கள், பக்கம் 31.6 மீட்டர். அந்தப் பக்கத்தைச் சரிவின் மீது நாடா போட்டு அளந்தால் தவறாகிவிடும், ஏனென்றால் படம் நிலத்தை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறது. 30 பாகைச் சரிவில், தட்டையாக 31.6 மீட்டர் கிடைக்க, நிலத்தின் மேல் 36.5 மீட்டர் அளக்க வேண்டும். இதைத் திருத்தாமல் விட்டால் உங்கள் சதுரம் சுருங்கிவிடும். மலைநாட்டு அளவுகளில் நான் அதிகம் கண்ட பிழை இதுதான். அடுத்து மரத்தின் சுற்றளவு. இந்திய வழக்கத்தில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், சரிவின் மேல்பக்கம் நின்று அளக்க வேண்டும். வேர்ப்பலகைகள் அகன்று எழும் மரமானால் அவை முடிந்த பிறகு மேலே அளக்க வேண்டும். சுற்றளவு 157 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 50. விட்டம் இரு மடங்கானால் மரத்தின் எடை இரு மடங்காகாது. ஏறத்தாழ ஐந்தாறு மடங்காகும். ஆகையால், ஒரு பெரிய மரத்தை விட்டுவிட்டால் சதுரத்தின் கணக்கே கவிழ்ந்துவிடும். விட்டம், உயரம், அந்த இனத்தின் கட்டை அடர்த்தி ஆகிய மூன்றிலிருந்தும் உலர்ந்த எடையைக் கணித்து, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கரியை (கார்பனை) எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகள் பறம்பிக்குளம் பக்கம் போனால் தேக்கில் தொடங்கலாம்; ஒரே இனம், நேரான தண்டு, கை பழகும்.

ஜிபிஎஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அடர்ந்த தழைக்குக் கீழே அது ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். படத்தின் புள்ளியே 23.5 மீட்டர் என்னும்போது, நீங்கள் அளந்தது சோலையாகவும் கணினி இணைத்துக்கொண்டது பக்கத்துத் தேயிலையாகவும் ஆகிவிட வாய்ப்புண்டு. ஆகவே, படத்துக்குப் பாடம் சொல்லித்தரும் சதுரங்களை ஒரே தன்மையுள்ள காட்டின் நடுவில் அமைப்பது நல்லது. ஆனால், மொத்தக் காட்டின் அளவைக் கணிக்கும்போது இந்தச் சலுகை கூடாது. கட்டம் போட்டுத் தேர்ந்த புள்ளி எங்கே விழுந்ததோ அங்கேதான் போக வேண்டும். அட்டை கடிக்கிறது, ஆனைத்தடம் புதிதாக இருக்கிறது, ஆற்றைக் கடக்க வேண்டும் என்று புள்ளியைப் பாதையோரம் நகர்த்திய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். போக முடியவில்லை என்று எழுதிவிட்டுத் திரும்பியிருந்தால் கணக்கு கெட்டிருக்காது. பாதையோரக் காடு எப்போதும் விறகுக்கு வெட்டுப்பட்ட காடு, அதை உள்காட்டின் பெயரில் எழுதும்போதுதான் கெடுகிறது.

தரையும் வானமும் சேரும் கணக்கை வகுப்பில் இப்படிச் சொல்லித் தரலாம். வரைபடம் 1,000 ஹெக்டேரைக் காடு என்றும் 4,000 ஹெக்டேரைக் காடில்லை என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காடு என்ற பகுதியில் 100 இடங்களுக்குப் போய்ப் பார்த்தால் 90 இடங்களில் காடு இருக்கிறது. காடில்லை என்ற பகுதியிலும் 100 இடங்களைப் பார்க்கிறீர்கள்; 10 இடங்களில் காடு இருக்கிறது. முதல் பகுதியில் 900 ஹெக்டேர், இரண்டாவதில் 400 ஹெக்டேர். உண்மைக் காடு ஏறத்தாழ 1,300 ஹெக்டேர். இரண்டு பகுதியிலும் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்ன வரைபடம், பரப்பில் 300 ஹெக்டேரைக் குறைத்துச் சொல்லிவிட்டது. புள்ளிகளை எண்ணிப் பரப்பை அறிவிக்கும் எந்த அறிக்கையிலும் இந்தத் திருத்தம் நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: இடவப்பாதி மழையில் தொடங்கி நான்கைந்து மாதம் பீர்மேட்டில் வானமே தெரியாது. அந்த நாட்களில் செயற்கைக்கோள் எதைப் பார்க்கும்?
– கல்லூரி மாணவர், பீர்மேடு

பதில்: ஒளியை நம்பும் செயற்கைக்கோள் மேகத்தின் முதுகைத்தான் பார்க்கும். சென்டினல்-2 இணை ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்தாலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பீர்மேட்டுக்கு ஒரு தெளிந்த படம் கிடைப்பது அரிது. ஆகவே மழை ஓய்ந்த பிறகு எடுத்த படங்களைக் கொண்டே ஆண்டுக் கணக்கைப் போடுகிறார்கள். எந்த மாதத்துப் படம் என்பதும் முக்கியம். பச்சை மாறாக் காட்டுக்குப் பிப்ரவரிப் படம் பொருந்தும், இலையுதிர்க் காட்டையோ அந்த மாதம் மொட்டையாகக் காட்டிவிடும்.

மேகத்தை ஊடுருவுவது ரேடார். அது தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. இரவும் மழையும் அதற்குத் தடையில்லை. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு உள்ளே போகும். சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர்; அது மேல் இலைகளிலும் சிறு குச்சிகளிலும் பட்டுத் திரும்பிவிடும். 24 சென்டிமீட்டர் அலை கிளைகளையும் தண்டையும் தொடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, அந்த நீண்ட அலையையும் அதைவிடக் குறுகிய இன்னொன்றையும் சுமக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. பருவமழைக் காலத்தில் ஒரு சரிவு வெட்டப்பட்டாலோ மண் சரிந்தாலோ அக்டோபர் வரை காத்திராமல் அறிய இது வழி செய்யும்.

ஆனாலும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். மரத்தின் எடை ஹெக்டேருக்கு நூறு, நூற்றைம்பது டன்னைத் தாண்டியதும் 24 சென்டிமீட்டர் அலைக்கும் வேறுபாடு மங்கிவிடும். நம் பச்சை மாறாக் காடுகள் அதைவிடக் கனமானவை. 70 சென்டிமீட்டர் அலையோடு 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய பயோமாஸ் செயற்கைக்கோள் இந்தக் குறைக்காகவே அமைக்கப்பட்டது. மற்றொன்று மலையே. ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால், அதற்கு எதிரே உள்ள சரிவு மிகப் பிரகாசமாகவும், மறுபக்கம் நிழலாகவும் விழும். நனைந்த இலை வேறு அளவைக் கூட்டிக் காட்டும். இத்தனையையும் சரிசெய்யத் தரையில் அளந்த சதுரங்கள்தான் துணை. புதிய கருவி வரும்போதெல்லாம் இனிக் களவேலை குறையும் என்று பேசுகிறார்கள். நான் கண்டவரை, ஒவ்வொரு புதிய கருவியும் இன்னும் கவனமான களவேலையைத்தான் கேட்டிருக்கிறது.

கேள்வி: இணையத்தில் உலகக் காட்டிழப்பு வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் ஆரியங்காவுப் பக்கம் நிறையச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அவ்வளவு காடு அழிந்துவிட்டதா?
– ஆரியங்காவு வாசகர்

பதில்: ஒவ்வொரு புள்ளியையும் காட்டழிவு என்று கொள்ள வேண்டாம். அந்த வரைபடம் உயர்ந்த மரப் போர்வை அகன்றதைச் சொல்கிறது. முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்தாலும் சிவப்பு விழும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும்போது எடுத்த படம் கலந்தாலும் குழப்பம் வரும். சிவப்பு விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். வனத்துறை எல்லைக்கல்லுக்கு உள்ளே இருந்தால், அப்போது கவலைப்பட வேண்டியதுதான். உடனே எழுத்தில் முறையிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு வந்து காட்டை அளந்து போகிறார்கள், நாங்கள் வழி காட்டுகிறோம், மரத்தின் பேர் சொல்கிறோம். பிறகு என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்வதில்லை. காட்டை நாங்களே கண்காணிக்க முடியாதா?
– இருளர் இளைஞர், அட்டப்பாடி

பதில்: தம்பி, உங்கள் மனக்குறை நியாயமானது. நான் நடந்த குழுக்களில் மரத்தின் இனத்தை எழுதியது படித்தவர் கை. இனத்தைச் சொன்னது கூட வந்த பழங்குடியினரான காணியும் மன்னானும் முதுவானும் இருளரும்தான். பட்டையைக் கீறி மணம் பார்த்து, இருபது மீட்டர் மேலே இருக்கும் இலையைப் பார்க்காமலே அவர்கள் சொன்ன பெயரின் மேல்தான் கட்டை அடர்த்தியும் கரிக்கணக்கும் நிற்கின்றன. அந்தப் பெயர்களை அறிக்கையில் போட வேண்டும், நாள் கூலியைத் திறமைக்குரிய கூலியாகத் தர வேண்டும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

உங்களால் நிச்சயம் முடியும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஊர்மக்கள் வழிவழியாகக் காத்துவரும் சமூகக் காட்டைப் பாதுகாக்கும் பொறுப்பையும் உரிமையையும் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. அளந்து எழுதிய பதிவு கையில் இருந்தால் அந்த உரிமையைப் பேசுவது எளிது. அட்டப்பாடியின் மேற்குப் பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கை நோக்கி ஈரமாகவும், கிழக்குப் பக்கம் மழை மறைவில் வறண்டும் கிடப்பது உங்களுக்குத் தெரியும். கிழக்குச் சரிவில் மாசி, பங்குனியில் எடுத்த படம் காடு செத்துவிட்டது போலக் காட்டும்; எந்த மரம் எந்த மாதம் இலை கொட்டி எப்போது துளிர்க்கும் என்று நீங்கள் எழுதி வைத்தால், படத்தைப் படிப்பவரின் தவறு திருந்தும். மேலிருந்து அறவே தெரியாத ஒன்றும் உண்டு: கீழே கன்று முளைக்கிறதா என்பது. ஏலமலையில் ஒருமுறை, படத்தில் மிக அடர்ந்த காடு என்று விழுந்திருந்த சதுரத்துக்குள் நடந்தோம். மேலே பெருமரங்கள், கீழே முழுக்க ஏலம்; முழங்கால் உயரத்தில் ஒரு காட்டு மரக்கன்று கூட இல்லை. அந்தப் பெருமரங்கள் விழும் நாளில் அவற்றின் இடத்தில் நிற்க வாரிசு கிடையாது. உங்கள் பக்கம் உண்ணிச்செடி அதே வேலையைச் செய்கிறது.

ஆகவே, முதலில் கன்றுகளை எண்ணுங்கள். ஊரைச் சுற்றிப் பத்து இடங்கள் போதும். நல்ல காட்டில் மட்டும் அல்லாமல் கெட்ட இடத்திலும் சில. ஒவ்வொன்றிலும் ஒரு கல் நட்டு, அதைச் சுற்றி எட்டு மீட்டர் கயிறு பிடித்து வட்டம் போட்டு, பெரிய மரங்களின் சுற்றளவையும், கன்றுகளின் எண்ணிக்கையையும், உண்ணிச்செடி எவ்வளவு மூடியிருக்கிறது என்பதையும் உங்கள் பேச்சு வழக்குப் பெயர்களிலேயே எழுதுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறிக்கும்போது ஒரு முறை பார்த்துவிட்டு நகராமல், ஐந்து நிமிடம் நின்று நான்கைந்து முறை குறித்துக்கொள்ளுங்கள். கல்லருகே நின்று நான்கு திசையிலும் படம் எடுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாரத்தில், அதே கல்லருகே. அளக்க வருபவர்களுக்குத் தாளின் ஒரு படியைக் கொடுங்கள். மூலத் தாள் ஊரிலேயே இருக்கட்டும்.